மேப் கட்டும் முறை வரப்போகிறதாம்: அஞ்சடியில் ஐந்துக்கு ஐந்து ஆட முடியுமா?

ஐந்துக்கு ஐந்து பேராக நாம் ஆடும் சுடும் ஆட்டத்தைப் பற்றிப் பட்டர்வொர்த் தம்பி கிளப்பிய பேச்சு இது: "அடுத்த சீசனில் நாமே மேப், அதாவது ஆடும் களம், கட்டிக்கொள்ளும் முறை வருகிறது என்று ஆட்டத்தின் நிறுவனம் ஒற்றை வரியில் சொல்லியிருக்கிறது. வந்தால் நம் பினாங்கு ஜார்ஜ்டவுனையே கட்டிவிடலாம். கடைத்தெரு, சூலியா தெரு, கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை எல்லாம் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன; புதிதாக யோசிக்க என்ன இருக்கிறது? இந்த ஒரு முறையால் ஆட்டம் இன்னும் பத்து ஆண்டு தாங்கும் என்கிறேன். மறுப்பவர் உண்டா?"

8 மார்ச், இரவு 11.20

நான் மறுக்கிறேன், அதுவும் இரண்டு இடங்களில்.

கட்டும் கருவி வந்தாலே ஆட்டம் பிழைத்துவிடும் என்றால் ஹேலோ இன்ஃபினிட் என்ற சுடும் ஆட்டம் இன்று வேறு நிலையில் இருந்திருக்க வேண்டும். அந்த ஆட்டம் 2021 இறுதியில் வெளிவந்தது. ஃபோர்ஜ் எனப்படும் அதன் கட்டுமான முறை 2022 நவம்பரில்தான் வந்து சேர்ந்தது. கருவியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரே மேப்பில் ஏறத்தாழ 7,000 பொருள்களை வைக்கலாம், ஒளியை மாற்றலாம், கதவு எப்போது திறக்க வேண்டும் என்பது வரை நாமே விதி எழுதலாம். ஆனால் அதற்காக ஓராண்டு காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஆகவே கருவி எவ்வளவு நல்லது என்று கேட்பதற்கு முன், அது வரும் நாளில் ஆடுவதற்கு ஆள் இருக்குமா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு ஜார்ஜ்டவுன் பற்றியது. அதை நாளை எழுதுகிறேன். காலையில் வேலைக்குப் பாலம் தாண்ட வேண்டும்.

9 மார்ச், இரவு 9.45

வேலை முடிந்து திரும்பும் வழியில் அளவுநாடாவோடு கடைத்தெருப் பக்கம் இறங்கினேன். பூமாலைக் கடைக்காரர் என்னை நகராண்மைக் கழகத்து ஆள் என்று நினைத்து, நடைபாதையில் வைத்திருந்த வாளியை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டார். நான் விளக்கம் சொல்லியும் அவர் முழுமையாக நம்பியதாகத் தெரியவில்லை.

அஞ்சடி என்பது பெயரளவில்தான் ஐந்தடி. சுவரிலிருந்து தூண் வரை ஓரிடத்தில் ஆறடிக்கு மேலேயே இருக்கிறது. அடுத்த கடையில் அதே ஆறடியில் பாதியைத் துணிக்கடைப் பொம்மைகளும் ஒரு மோட்டார் சைக்கிளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 1822 இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் எல்லாக் கடைவீடுகளுக்கும் முன்னால் தொடர்ச்சியான மூடிய நடைபாதை வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் பினாங்கு வரை பரவியது. அவர் நினைத்தது வெயிலையும் மழையையும். நம் கவலை ஸ்நைப்பர், தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி.

கணக்கு இது. எனக்குப் பழக்கமானது சோர்ஸ் எஞ்ஜின், கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் ஆட்டத்தை இயக்கிய மென்பொருள். அதில் நீளத்தை யூனிட்டில் அளப்பார்கள்; கட்டடங்களுக்கு ஓரடி என்பது 16 யூனிட். ஐந்தடி என்றால் 80 யூனிட். ஓர் ஆளின் அகலம் 32 யூனிட். ஆக இரண்டு பேர் பக்கத்தில் பக்கமாக நின்றால் மிச்சம் 16 யூனிட். இருவர் எதிரெதிராக வந்தால் உரசாமல் விலகுவதே கடினம். சொந்த அணிக்காரனே நடுவில் நின்று வழியை அடைப்பான், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று நாம் கத்திக்கொண்டிருப்போம். அந்த எஞ்ஜினில் மேப் கட்டியவர்கள் சாதாரண நடைவழிக்கே வழக்கமாக 128 யூனிட் விடுவார்கள்.

தூண்கள்தான் எனக்குச் சுவையாகப் படுகின்றன. ஒரு கடைவீட்டின் முகப்பு ஏறத்தாழ 18 முதல் 20 அடி. எனவே தூணுக்குத் தூண் 288 முதல் 320 யூனிட். கத்தியைக் கையில் பிடித்து ஓடும் வேகம் விநாடிக்கு 250 யூனிட். ஒரு தூணின் மறைவிலிருந்து அடுத்த தூணின் மறைவுக்குப் போக ஒரு விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும். தெரு முனையில் ஸ்நைப்பரோடு காத்திருப்பவனுக்கு அந்த ஒரு விநாடி போதும், ஆனால் தாராளமில்லை. இப்படி ஒரு தாளத்தை வேண்டுமென்று உட்கார்ந்து வடிவமைத்தாலும் கிடைப்பது கடினம். இதற்கு மட்டும் தம்பிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன்.

9 மார்ச், இரவு 11.05

கிள்ளான் நண்பர் கேட்பது நியாயமான கேள்வி: ஆளின் உயரம் 72 யூனிட், அதை ஆறடி என்று கொண்டால் ஓரடிக்கு 12 யூனிட்தானே வருகிறது, 16 எங்கிருந்து வந்தது?

இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. ஆளுருவங்களுக்கு 12, கட்டடங்களுக்கு 16. நிஜ அளவில் அறை கட்டினால் திரையில் அது கோழிக்கூடு போலத் தெரியும். நாம் விநாடிக்கு 250 யூனிட் ஓடுகிறோம், எந்த மனிதனும் வீட்டுக்குள் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் கட்டடத்தை மட்டும் ஊதிவிடுகிறார்கள். நம் ஆட்டத்தின் எஞ்ஜின் வேறு; அளவுகளும் வேறாக இருக்கும். கருவி கைக்கு வந்தவுடன் முதல் வேலையாக, ஆளுருவத்தின் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்து அகலம், உயரம், குதிக்கும் உயரம், குதிக்காமல் ஏறக்கூடிய படியின் உயரம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோர்ஸில் அந்தப் படி 18 யூனிட். அஞ்சடியில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்குவதை நடந்தவர்கள் அறிவார்கள். நான் பார்த்த படிகள் எட்டு அங்குலத்துக்குள் இருந்தன, அதாவது ஏறத்தாழ 11 யூனிட். ஓட்டம் தடைபடாது.

11 மார்ச்

தெருக்களைப் பற்றி.

கடைத்தெருவும் சூலியா தெருவும் பெரும்பாலும் நேராக ஓடுபவை. நேர்த்தெரு சுடும் ஆட்டத்துக்கு இரண்டு வகையில் பகை. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: ஒரு முனையில் நிற்பவனுக்கு மறுமுனை வரை பார்வை கிடைக்கும், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று கணினியின் சுமை. சோர்ஸ் எஞ்ஜினில் மேப்பைத் தொகுக்கும்போதே, எந்தப் பகுதியில் நின்றால் எந்தப் பகுதி தெரியும் என்று கணக்கிட்டு வைத்துவிடுவார்கள். தெரியாத பகுதி வரையப்படாது. அதற்கு மேப் முழுவதும் ஓட்டையின்றி மூடியிருக்க வேண்டும், வானத்துக்கும்கூடக் கூரை போட வேண்டும். ஓர் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் 'லீக்' என்று சொல்லித் தொகுப்பு கெட்டுவிடும். அந்தக் காலத்தில் நான் அதைத் தேடிக் கழித்த இரவுகள் அநேகம். இப்படியெல்லாம் மூடி வைத்தாலும், நேர்த்தெருவில் நின்றால் தெரு முழுவதும் தெரிந்துதான் தீரும். எதையும் வரையாமல் விட முடியாது. புதிய எஞ்ஜின்கள் இதை ஓடும்போதே கணக்கிட்டுக்கொள்கின்றன என்றாலும், சுமை சுமைதான். பழைய கைப்பேசியில் ஆடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.

தீர்வு அதே தெருவில் இருக்கிறது. கடைவீட்டின் உள்ளே போங்கள். முகப்பு குறுகல், ஆழம் நீளம். அஞ்சடியிலிருந்து முன்கூடம், அதைத் தாண்டி வானம் பார்த்த நடுமுற்றம், பிறகு சமையற்கட்டு, கடைசியில் பின்சந்து. முன்தெரு, பின்சந்து, இரண்டையும் இணைக்கும் வீடுகள் என்று மூன்று தடங்கள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. பின்சந்துகள் ஒரு காலத்தில் மலக்கூடை எடுப்பதற்காக விடப்பட்டவை. பின்னாலிருந்து வந்து சுடுகிறவன் அந்த வரலாற்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நடுமுற்றத்தை இன்னும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். முன்கூடம் இருட்டு, முற்றம் வெளிச்சம், அதற்கப்பால் மீண்டும் இருட்டு. முற்றத்தைக் கடப்பவன் துலக்கமாகத் தெரிவான். அவனைப் பார்க்கிறவன் இருட்டில் நிற்பான். மேல்மாடிச் சாளரங்களும் அதே முற்றத்தின் மேல்தான் திறக்கின்றன. ஒரே வீட்டில் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, முன்னிருந்து பின்னே என்று மூன்று பார்வைக்கோடுகள் கிடைக்கின்றன. தாக்கும் அணி குண்டு வைக்க வேண்டிய இடமான பாம் சைட்டை இதற்குள் வைத்தால், தெருவில் ஸ்நைப்பரோடு படுத்திருப்பவனும் எழுந்து உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

11 மார்ச், சற்றுக் கழித்து

ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரத்தைக் கட்டலாமே என்று கேட்டவருக்கு: அறுபதுக்கு மேற்பட்ட மாடிகள் கொண்ட கட்டடம். லிப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சுற்று முடிந்துவிடும். மன்னிக்கவும்.

கடல்மேல் மரப்பலகையில் அமைந்த குடியிருப்பான சியூ ஜெட்டியைச் சொன்னவருக்கு: அழகான இடம், பலகையில் கால் வைக்கும் ஓசை எதிரிக்கு நம் இருப்பைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் நல்ல யோசனை. ஆனால் முதுகெலும்பு ஒற்றை நீளப் பாதை. சுற்றி வர வழியில்லை. பக்கவாட்டில் ஒரு பலகைப்பாலத்தைக் கற்பனையாகச் சேர்த்தால் யோசிக்கலாம்.

14 மார்ச்

ஓசை என்றவுடன் நினைவுக்கு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன், "துணிக்கடை ஒலிபெருக்கி, பொம்மைகள், தொங்கும் மாலைகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்தால்தான் அது நம் தெரு" என்கிறார். உணர்வுபூர்வமாக உடன்படுகிறேன், ஆடுபவனாக உடன்பட முடியவில்லை. புடவை கட்டிய பொம்மை ஆளுயரம் உள்ளது. வாசலுக்கு வாசல் நின்றால், கடைக்கண்ணில் தெரிந்த ஒவ்வொன்றையும் எதிரி என்று நினைத்துச் சுட்டுத் தோட்டாவைக் காலி செய்வோம். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் பழைய மேப்புகளைப் புதுப்பித்தபோது பின்னணியை வெளிறச் செய்து, சாமான்களைக் குறைத்து, ஆள் மட்டும் எடுப்பாகத் தெரியும்படி மாற்றியது இதற்காகத்தான். பொம்மைகளைக் கண்ணாடிக்குள் தள்ளுங்கள். மாலைகளைத் தலைக்கு மேல் கட்டுங்கள். ஒலிபெருக்கியை ஒரே ஒரு கடைக்குக் கொடுங்கள். அந்தக் கடையருகே மட்டும் காலடியோசை கேட்காது என்றால் அதுவே ஓர் உத்தியாகிவிடும். சுட்டால் பாட்டு நிற்க வேண்டும் என்பது என் சொந்த ஆசை.

15 மார்ச்

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் பொதுவானது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலையும் மேப்பில் வைக்கலாமா?

வேண்டாம். 2012 இல் கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 ஆட்டத்தின் ஃபவேலா மேப்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படச்சட்டத்தில் புனித வாசகம் இருந்ததை முஸ்லிம் விளையாட்டாளர்கள் சுட்டிக்காட்டியதே காரணம். 2007 இல், ஓர் ஆட்டத்தில் மான்செஸ்டர் தேவாலயத்துக்குள் துப்பாக்கிச் சண்டை வைத்ததற்காக இங்கிலாந்துத் திருச்சபை சோனி நிறுவனத்தோடு மோதியது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை. நம் தெருவில் கோயிலும் பள்ளிவாசலும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. அங்கே தோட்டாத் தடம் விழுந்த படம் ஒன்று வெளியே போனால், அதை விளக்கி முடிப்பதற்குள் மேப்பும் போய்விடும், கட்டியவர் கணக்கும் போய்விடும். கோபுரத்தைத் தொலைவில், எட்ட முடியாத வானவிளிம்பில் காட்டுவதையும்கூட நான் தவிர்ப்பேன்.

19 மார்ச், நள்ளிரவுக்குப் பின்

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் கட்டிய மேப் எந்தக் கணினியில் ஓடும்?

இப்போது நாம் ஆடுவது சிங்கப்பூரில் உள்ள சர்வரில். ஜார்ஜ்டவுனிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே போய்வர ஆறு மில்லிவிநாடியாவது வேண்டும், கம்பி சுற்றிப் போவதால் உண்மையில் அதைவிடக் கூடும். அது பரவாயில்லை. பத்துப் பேருக்கும் ஒரே நடுவர் இருக்கிறார்.

ஆனால் ஆடுபவர்களே கட்டிய மேப்புக்கெல்லாம் நிறுவனம் தன் செலவில் சர்வர் ஒதுக்குமா? ஒதுக்காவிட்டால், அறையைத் திறந்தவர் வீட்டுக் கணினியே சர்வராகும். அவருக்குத் தாமதம் சுழி, மற்ற ஒன்பது பேருக்கும் அவர் வீட்டு இணையத்தின் தயவு. மாடியில் தங்கை ஒரு காணொளியைப் பதிவேற்றத் தொடங்கினால் கீழே ஐந்து பேர் சுவருக்குள் நடப்பார்கள். அந்த நிலையில் அஞ்சடித் தூணின் ஒரு விநாடிக் கணக்கெல்லாம் வீண். அந்த விநாடியில் யார் முந்தினார் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, மேப்பின் கோப்பு யாரிடம் இருக்கும்? சிசியில், அதாவது சைபர் கஃபேயில், கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடிய காலத்தில் மேப் என்பது ஒரு கோப்பு. தம்ப் டிரைவில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போனோம். எக்ஸ்பாக்ஸ் 360 இல் ஆடிய ஹேலோ ஆட்டங்களின் இணையச் சேவைகளை 2022 ஜனவரியில் நிறுத்தினார்கள். சர்வரில் மட்டுமே வாழும் எதற்கும் அப்படி ஒரு தேதி வரும். நம் கையில் ஒரு பிரதியாவது சேமிக்க விடுவார்களா என்று அறிவிப்பு வரும்போது முதலில் பாருங்கள். எத்தனை வகைச் சுவர் இருக்கிறது என்பதைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

20 மார்ச்

"அண்ணே, இவ்வளவு அவநம்பிக்கை ஏன்?" என்று தம்பி கேட்டிருக்கிறார். அவநம்பிக்கை இல்லை, தம்பி. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் டஸ்ட் மேப்பை 1999 இல் கட்டிய டேவ் ஜான்ஸ்டன் அப்போது பதின்ம வயதினர். எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கவில்லை. அவருடைய டஸ்ட் 2 வந்தது 2001 இல். இன்றும் ஆடுகிறோம். அதே ஆட்டத்தின் கேஷ் மேப்பும் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்கள் கட்டியதுதான், தொழில்முறைப் போட்டிகள் வரை போனது. இவர்களுக்கு இருந்த கருவி இன்றைய ஃபோர்ஜோடு ஒப்பிட்டால் மிகவும் முரடானது. ஆனால் கட்டிய மேப்பை அன்றிரவே யாரோ ஒருவர் தம் சர்வரில் ஏற்றுவார், முன்பின் தெரியாத ஆள்கள் வந்து ஆடுவார்கள். நான் விரும்புவது அந்த வழியைத்தான்.

22 மார்ச்

நாம் கட்டிய மேப்பை ஆடுபவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பது பற்றி ஒரு நீண்ட குறிப்பு, பொறுமையுள்ளவர்கள் படியுங்கள்.

ஃபோர்ட்நைட் ஆட்டத்தில் நாமே மேப் கட்டும் 'கிரியேட்டிவ்' முறை 2018 டிசம்பரில் வந்தது. 2023 மார்ச்சில் அதை இயக்கும் அன்ரியல் எஞ்ஜினின் கருவிகளையே ஃபோர்ட்நைட்டுக்காகத் திறந்துவிட்டு, பொருள் கடை முதலியவற்றின் நிகர வருமானத்தில் 40 விழுக்காட்டை, மக்கள் எவ்வளவு நேரம் எந்த மேப்பில் செலவிடுகிறார்கள் என்பது போன்ற அளவுகோல்களின்படி கட்டுபவர்களுக்குப் பகிர்ந்தளிக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நேரத்துக்குப் பணம் என்றவுடன், ஆளைப் பிடித்து உட்காரவைக்கும் மேப்புகள் பெருகின. பொத்தானை அழுத்தினால் அனுபவப்புள்ளி கொட்டும் மேப், ஒருவரோடொருவர் மோதும் பெட்டி போன்ற குட்டி மேப், அதே பெட்டியின் நூறு நகல். பட்டியலின் முதல் பக்கத்தை அவை பிடித்துக்கொண்டால், ஐந்துக்கு ஐந்து ஆடும்படி பார்த்துப் பார்த்துக் கட்டிய கடைவீட்டு மேப் எத்தனையாவது பக்கத்தில் கிடக்கும்? பத்துப் பேர் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒருவர் மட்டும் வந்து காத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்.

இதுவரை எழுதியதை மீண்டும் படித்தபோது வேறொரு எண்ணமும் எழுந்தது. குட்டிப் பெட்டிகளை இப்படி இளக்காரமாகச் சொல்வது சரியா? 2007 இல் ஹேலோ 3 உடன் வந்த முதல் ஃபோர்ஜ் வெறும் பொருள்களை நகர்த்தும் கருவி. ஒரு பொருளை இன்னொன்றுக்குள் செருக அனுமதியில்லை. விளையாட்டாளர்கள் ஆட்டத்தைச் சேமித்து, வெளியேறி, மீண்டும் தொடங்கும் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்துச் செருகினார்கள். அந்தக் கூத்தடிப்புக் காலத்தில் பிறந்தது கிரிஃப்பால்: சுத்தியலும் வாளும் பந்தும் மட்டுமே, துப்பாக்கியே கிடையாது. அது பிறகு அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே இடம்பிடித்தது. டோட்டா என்ற ஆட்டம் வார்கிராஃப்ட் 3 இன் மேப் கருவிக்குள் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இவற்றையெல்லாம் எந்த நிறுவனமும் திட்டமிடவில்லை. ஆகவே முதல் பக்கத்தில் குப்பை இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில், நிறுவனத்தின் ஆள்கள் ஆடிப்பார்த்துத் தேர்ந்தெடுத்த சில மேப்புகளைச் சாதாரண வரிசையில் சேர்த்துவிட்டால் போதும். ஹேலோ இன்ஃபினிட்டில் அப்படிச் செய்தார்கள், பலன் கிடைத்தது. நம் ஆட்டத்தில் அந்த வரிசைக்கு வழி வைத்திருக்கிறார்களா என்பதே எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது.

29 மார்ச்

அறிவிப்பு இன்னும் வரவில்லை. ஆனால் தம்பி சும்மா இருக்கவில்லை. கிடைத்த ஓர் இலவசக் கருவியில் இரண்டு வரிசைக் கடைவீடுகளைச் சாம்பல் நிறப் பெட்டிகளாகவே கட்டி அனுப்பியிருக்கிறார். ஓடு, ஜன்னல், வண்ணம் எதுவும் இல்லை. மிகச் சரி; இந்த நிலையில் அழகு சேர்த்தால் பிறகு சுவரை இடிக்க மனம் வராது.

பார்த்ததில் சில: அஞ்சடியை 128 யூனிட் ஆக்கியது நல்லது, ஆனால் தூணையும் அதற்கேற்பத் தடிப்பாக்க வேண்டும், இப்போது 24 யூனிட் தூணுக்குப் பின்னால் 32 யூனிட் ஆள் நின்றால் இரண்டு தோளும் வெளியே தெரிகின்றன. தாக்கும் அணி முற்றத்துக்கு வரும் நேரமும் காக்கும் அணி வரும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. காப்பவருக்கு இரண்டு மூன்று விநாடி முன்னதாகக் கிடைக்க வேண்டும், இல்லையேல் நிலைகொள்ள நேரமில்லை. பின்சந்தின் ஒரு முனையை மூடியிருக்கிறார், திறந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

முன்பு நான் குடியிருந்த ஃபிளாட்டை இப்படித்தான் பெட்டிகளாகக் கட்டி, சிசியில் பையன்களை உட்காரவைத்து ஆடவிட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டால், கடைக்காரர் உட்பட எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். திரையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒருவர் விடாமல் மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அதனால் இந்த முறை யாரிடமும் கருத்துக் கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை இரவு பத்துப் பேர் சேர்ந்தால் ஆடிப்பார்த்து, யார் எங்கே செத்தார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொள்வோம். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கிள்ளான் நண்பர் வருவதாக இருந்தால் யூனிட் விவாதத்தை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.